ரெண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒரு பித்தளைத் தகடும்

பி.காம் படிக்கிறவனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்குறது இங்க வரைக்கும் கேக்குது. சம்பந்தம் இருக்கு. சரியா 4,500 ரூபாய் சம்பந்தம். அதுபோக, அப்பா 2003ல துபாயிலிருந்து வரும்போது தோள்ல சுமந்துக்கிட்டு வந்த ஆம்ப்ளிஃபையரோட ரைட் சேனல் ஒண்ணு.

சுருக்கமா முதல்லயே சொல்லிடறேன். வீட்டு ஸ்டீரியோவுக்கு "பை-ஆம்பிங்" பண்ணப் போறேன்னு கிளம்புறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தேவையே இல்லை. அவங்க தேடுற சத்தம் ஏற்கனவே வீட்டுலயே இருக்கு, ஒரு ஒயர் மாறிப்போனதுல ஒளிஞ்சுக்கிட்டு. முதல்ல ஒயரைப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க. இதுதான் என் கட்சி. இனி சாவகாசமா வாதம்.

அது என்ன பை-ஆம்பிங்?

கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸோட பின்பக்கம் பாத்திருக்கீங்களா? சிலதுல ரெண்டு முனை இருக்கும், சிலதுல நாலு. நாலு இருந்தா மேல் ஜோடி டுவீட்டருக்கு (கீச்சுக் குரல், சலங்கை, சிம்பல்), கீழ் ஜோடி வூஃபருக்கு (மிருதங்கத்தோட தொப்பி, பேஸ் கிடார்). இந்த ரெண்டு ஜோடியையும் ரெண்டு பித்தளைத் தகடு இணைச்சுக்கிட்டு இருக்கும். பிளஸ்ஸை பிளஸ்ஸோட, மைனஸை மைனஸோட. அதுக்குப் பேரு ஜம்பர். கம்பெனியிலிருந்து வரும்போதே மாட்டித்தான் வரும். சாதாரணமா ஒரு ஆம்ப், ஒரு ஜோடி ஒயர்னு மாட்டினா அந்தத் தகடு வழியா ரெண்டுக்கும் கரண்ட் போயிடும்.

பை-ஆம்பிங்னா அந்தத் தகட்டைக் கழற்றிட்டு, டுவீட்டருக்குத் தனி ஆம்ப், வூஃபருக்குத் தனி ஆம்ப் கொடுக்கிறது. கேக்க எவ்வளவு அழகா இருக்கு! ஆளுக்கொரு வேலைக்காரன். ஆடம் ஸ்மித் சொன்ன வேலைப் பகிர்வு மாதிரி. எங்க வகுப்புப் பாடத்தை நானே நம்பி மோசம் போன கதை இது.

நான் செஞ்ச கூத்து

எங்க வீட்டு செட்ல கொஞ்ச வருஷமாவே பேஸ் இல்லை. பாட்டு கேக்கும், ஆனா ஒல்லியா கேக்கும். பாடகர் நடுவுல நின்னு பாடாம, அறை முழுக்கக் கரைஞ்சு போன மாதிரி இருக்கும். "பழசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்"னு அப்பா விட்டுட்டார். நான் விடலை. ஒரு கடையில விசாரிச்சேன். "தம்பி, பேஸுக்கு ஒரு தனி ஆம்ப் போட்டுருங்க, அதிரும்"னாங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு, 4,500 ரூபாய். ரெண்டு செமஸ்டர் டியூஷன் எடுத்து சேத்து வச்ச காசு.

"பின்னாடி இருக்கிற தகட்டை என்ன செய்யணும்?"னு கேட்டேன். "அது கிடந்தா கிடந்துட்டுப் போகுது"ன்னாங்க.

வீட்டுக்கு வந்தேன். பழைய ஒயரை வூஃபர் முனையிலயே விட்டேன். புது ஆம்ப்லருந்து புது ஒயர் எடுத்து டுவீட்டர் முனையில மாட்டினேன். ஒய் கேபிள் ஒண்ணு போட்டு ரெண்டு ஆம்புக்கும் ஒரே பாட்டைக் கொடுத்தேன். தகடு கிடந்துச்சு.

பாட்டு போட்டேன். லெஃப்ட் பாக்ஸ் பாடுச்சு. ரைட் பாக்ஸ்ல முனகல் கூட இல்லை. சரி, சிக்னல் கம்மியா இருக்கும்போலன்னு ரெண்டு ஆம்போட வால்யூமையும் கூட்டினேன். அன்னைக்கு நான் செஞ்ச தப்புகள்லயே பெரிய தப்பு அதுதான். ஒரு பக்கம் சத்தமே வரலைன்னா செய்ய வேண்டியது சுவிட்சை அணைக்கிறது. கூட்டுறது இல்லை. பத்து செகண்ட்ல ஒரு வாசனை. அப்புறம் புகை. அப்புறம் அம்மா. :-)

அப்பா சாயங்காலம் வந்தார். வழக்கம்போல சட்டையைக் கழற்றி ஆணியில மாட்டிட்டு செட்டோட சுவிட்ச்கிட்ட கையைக் கொண்டு போனார். என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துட்டு பேப்பரைப் பிரிச்சார். ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா தேவலைன்னு தோணுச்சு.

அண்ணாச்சி நடத்திய விசாரணை

எங்க பக்கத்துல கொடை விழாவுக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் போடுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். ரெண்டு ஆம்பையும் பைக்ல வச்சு அவர்கிட்ட கொண்டு போனேன். திறந்து பார்த்தார். ரெண்டுலயும் ரைட் சேனல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்.

"தகட்ட கழட்டுனியா?"

"இல்ல அண்ணாச்சி."

"அதான பாத்தேன். லெஃப்ட்டு என்னாச்சு?"

"அது பாடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆம்ப் சூடாச்சு, அவ்வளவுதான்."

"ரெண்டு பக்கமும் தகடு கெடக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மாட்டிருக்க. பொறவு ரைட்டு மட்டும் ஏன்டே மொதல்ல போச்சு?"

என்கிட்ட பதில் இல்லை. சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். கையில ஒரு பென் டார்ச் செல். 1.5 வோல்ட். ஆம்ப் பக்கம் கிடந்த பழைய ஒயரோட நுனியில, பிளஸ்னு நாங்க நம்பிக்கிட்டு இருந்த முனையில செல்லோட பிளஸ்ஸை ஒரு நொடி தொட்டார். லெஃப்ட் வூஃபர் கோன் வெளிய தள்ளுச்சு. ரைட்ல தொட்டார். கோன் உள்ள போச்சு.

ரைட் பாக்ஸ்ல பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடந்துச்சு! ரெண்டு பக்கமும் ஒரே நிறத்துல இருக்கிற ஒயர் வேற. எப்பலருந்துன்னு யோசிச்சுப் பார்த்தோம். 2019ல அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சப்ப எல்லாத்தையும் கழற்றி மாட்டினது நான்தான்.

இப்ப ரெண்டு மர்மமும் ஒரே நேரத்துல விடிஞ்சுது.

ஒண்ணு, பேஸ் ஏன் இல்லை. பேஸ் ரெண்டு ஸ்பீக்கர்லருந்தும் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். ஒரு கோன் காத்தை வெளிய தள்ளுற அதே நேரத்துல இன்னொண்ணு உள்ள இழுத்தா, ஒண்ணு போட்டதை இன்னொண்ணு அழிச்சிடும். நடுவுல நிக்க வேண்டிய பாடகரும் கரைஞ்சு போயிடுவார். அஞ்சாறு வருஷமா எங்க வீட்டுல நடந்தது இதுதான். செட் கிழடாகவெல்லாம் இல்லை.

ரெண்டு, ரைட் ஏன் முதல்ல போச்சு. புது ஒயரை நான் ஒழுங்கா மாட்டியிருந்தேன், பழைய ஒயர் தலைகீழ். நடுவுல தகடு. அதனால புது ஆம்போட பிளஸ் அந்தத் தகடு வழியா நேரா அப்பா ஆம்போட மைனஸ்ல போய் நின்னுடுச்சு. அப்பா ஆம்போட பிளஸ் புது ஆம்போட மைனஸ்ல. பச்சையான ஷார்ட். ஸ்பீக்கருக்கு ஒண்ணும் போகலை, அதனாலதான் சத்தம் வரலை. அதனாலதான் பாக்ஸ் தப்பிச்சுது.

"லெஃப்ட்டு தப்பிச்சது ஒங்க அப்பா செஞ்ச புண்ணியம்"னார் அண்ணாச்சி. ஏன்னு நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு ஆம்பும் ஒரே அளவு பெருக்காது. ஒண்ணு 10 வோல்ட் கொடுக்கிற நொடியில இன்னொண்ணு 6 வோல்ட்தான் கொடுக்குதுன்னு வச்சுக்குவோம். வித்தியாசம் 4 வோல்ட். ஒயரும் ஆம்போட உள்தடையும் சேர்ந்து 0.4 ஓம்னு வச்சா, ஒரு ஆம்ப்லருந்து இன்னொரு ஆம்புக்கு ஓடுற கரண்ட் 10 ஆம்பியர். அதே 10 வோல்ட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் கேக்குறது வெறும் 1.25 ஆம்பியர். ஒயரை ஒழுங்கா மாட்டியிருந்தாலும், தகடு கிடந்தா இந்த ஆபத்து நிச்சயம். இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தா லெஃப்ட்டும் போயிருக்கும்.

அப்ப பை-ஆம்பிங்கே பித்தலாட்டமா?

இல்லை. உண்மையான பை-ஆம்பிங்கை நெல்லைக்காரங்க எல்லாருமே கேட்டிருக்கோம், பேர் தெரியாம. சுடலைமாடன் கோயில் கொடையோ முத்தாரம்மன் கோயில் கொடையோ, வில்லுப்பாட்டு நடக்குற இடத்துக்குப் பின்னாடி லோடு ஆட்டோ பக்கம் போய்ப் பாருங்க. கீழ பெரிய பேஸ் பாக்ஸ், மேல "டாப்"னு சொல்ற ஹாரன் பாக்ஸ். ரெண்டுக்கும் தனித்தனி ஆம்ப். அதுக்கும் முன்னாடி, ரேக்குல மேல ஒரு தட்டையான பெட்டி. அதுதான் கிராஸ்ஓவர். பாட்டு ஆம்புக்குப் போறதுக்கு முன்னாடியே கனத்த சத்தத்தையும் மெல்லிய சத்தத்தையும் பிரிச்சு, பேஸ் ஆம்புக்கு பேஸை மட்டும், டாப் ஆம்புக்கு டாப்பை மட்டும் அனுப்பும்.

இங்கதான் விஷயமே இருக்கு. நாம வீட்டுல செய்யுறதுல அந்தப் பெட்டி இல்லை. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு உள்ளயே காயிலும் கெப்பாசிட்டரும் வச்ச கிராஸ்ஓவர் ஒண்ணு இருக்கும், அது அப்படியே இருக்கும். ரெண்டு ஆம்புக்கும் முழுப் பாட்டும் போகும். டுவீட்டர் ஆம்ப் கொடுக்கிற கரண்ட் கம்மிதான். ஆனா பேஸோட முழு வோல்ட்டேஜையும் அதுவும் பெருக்கியே ஆகணும். அதனால மேளச் சத்தம் ஒண்ணு பலமா விழுந்தா ரெண்டு ஆம்பும் ஏறக்குறைய ஒரே இடத்துல மூச்சு முட்டி, அலை வெட்டுப்படும். பேங்க்ல ரெண்டாவது கவுண்டர் திறந்துட்டு, முழுக் கூட்டத்தையும் ரெண்டு கவுண்டர் முன்னாடியும் நிக்கச் சொன்னா எப்படி இருக்கும்? அதே கதை.

ஹோம் தியேட்டர் ரிசீவர் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு கூத்து. பின்பக்க ஸ்பீக்கருக்கான சேனல் சும்மாதானே கிடக்கு, அதை பை-ஆம்புக்குத் திருப்பிக்கலாம்னு மெனுவுல ஒரு வசதி இருக்கும். திருப்பலாம். ஆனா எல்லாச் சேனலுக்கும் உள்ள இருக்கிறது ஒரே பவர் சப்ளை. குடும்பத்துல ஒரே சம்பளம், ரெண்டு பாஸ்புக். வருமானம் கூடிடுமா?

சரி, எல்லாம் நல்லபடியா நடந்து பவர் இரட்டிப்பாச்சுன்னே வச்சுக்குவோம். இரட்டிப்பு பவர்னா 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு "சத்தம் ரெண்டு மடங்காச்சு"ன்னு தோண சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பவர் வேணும்.

கிராஸ்ஓவர் முன்னாடி இருக்கிற முறைதான் சிறந்ததுன்னு உலகத்துக்கு எப்பவோ தெரியும். 1976ல ஹியூலெட்-பேக்கார்டுல வேலை பார்த்த லிங்க்விட்ஸும் ரைலியும் வகுத்த கிராஸ்ஓவர் முறைதான் இன்னைக்கும் சவுண்ட் சர்வீஸ் ரேக்குல ஓடிக்கிட்டு இருக்கு. ஸ்டூடியோவுல வைக்கிற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர்கள் பலதுலயும் இதே ஏற்பாடு உள்ளயே இருக்கு. யமஹாவோட எச்.எஸ் 5ஐ எடுத்துக்குங்க, வூஃபருக்கு 45 வாட், டுவீட்டருக்கு 25 வாட், தனித்தனி ஆம்ப். மாட்டுற வேலையை கம்பெனியே பண்ணிடுது, நாம தப்பு பண்ண வழியே இல்லை. பை-ஆம்பிங்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறவங்க அந்த மாதிரி ஒண்ணு வாங்கிட்டுப் போங்க.

"இல்லப்பா, நான் ரெண்டு ஆம்ப் போட்டேன், வித்தியாசம் கேட்டுச்சே"ன்னு சிலர் சொல்வாங்க. பொய்யின்னு சொல்ல மாட்டேன். ரெண்டு ஆம்பும் ஒரே அளவு பெருக்கலைன்னா டுவீட்டர் கொஞ்சம் தூக்கலா கேக்கும், அதைத் "தெளிவு"ன்னு நினைச்சுக்குவோம். பல வருஷம் கழிச்சு முனைகளைக் கழற்றி, துடைச்சு, முறுக்கி மாட்டினதாலயும் நல்லாயிருக்கும். அதுக்கு ரெண்டாவது ஆம்ப் வேண்டாம், ஒரு துணி போதும்.

பிழைகளும் திருத்தமும்

கணக்குப்பதிவியல்ல இருப்பாய்வு டேலி ஆயிட்டாலே கணக்கு சரின்னு அர்த்தம் இல்லைன்னு படிச்சிருக்கோம்ல? ஒயரிங்கும் அப்படியே. பாட்டு கேக்குதுங்கிறதால ஒயரிங் சரின்னு ஆயிடாது. பிழைகளையும் பாடப் புத்தக வரிசையிலயே தர்றேன், பரிட்சைக்கும் உதவும்.

1. விடுபிழை: செய்ய வேண்டியதைச் செய்யாம விடுறது. ஜம்பர் தகட்டைக் கழற்றாம விட்டது. ஒரு பாக்ஸுக்கு ரெண்டு தகடு, ரெண்டு பாக்ஸுக்கு நாலு. நாலையும் கையில வச்சு எண்ணிப் பார்த்த பிறகுதான் ஆம்ப் பக்கமே போகணும்.

2. செய்பிழை: செஞ்சதைத் தப்பாச் செய்யுறது. பிளஸ் மைனஸ் மாத்துறது, முறுக்கின ஒயர்ல ஒத்தை இழை நீட்டிக்கிட்டு பக்கத்து முனையைத் தொடுறது. ஒரே நிற ஒயரா? பிளஸ் பக்கம் ரெண்டு நுனியிலயும் நெயில் பாலிஷ் வச்சிடுங்க. வூஃபரை செல் வச்சு ஒரு நொடி சோதிக்கலாம். டுவீட்டரை அப்படிச் சோதிக்காதீங்க, அது மெல்லிசு.

3. விதிப்பிழை: விதியே தெரியாம செய்யுறது. சில ஆம்ப்களில், குறிப்பா பிரிட்ஜ் முறையிலும் பல கிளாஸ் டி போர்டுகளிலும், மைனஸ் முனை கிரவுண்டு இல்லை, அதுலயும் சிக்னல் இருக்கும். அதை இன்னொரு ஆம்போட மைனஸோட சேர்த்தா போச்சு. அதே மாதிரி, ரெண்டு ஆம்ப் வச்சதும் "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் வந்தா எர்த் பின்னை ஒடிக்கிறாங்க சிலர். உயிரோட விளையாட்டு அது. ரெண்டு பிளக்கையும் ஒரே போர்டுல செருகிப் பாருங்க முதல்ல.

4. ஈடுசெய் பிழை: ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைக்கிறது. ரெண்டு பாக்ஸ்லயும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தா பேஸ் ஒழுங்காத்தான் கேக்கும், ஏன்னா ரெண்டு கோனும் சேர்ந்தே நகருது. டேலி ஆயிடும். பின்னாடி ஒருநாள் ஒரு பாக்ஸை மட்டும் ஒருத்தன் "சரி" பண்ணுவான் பாருங்க, அன்னைக்குத் தெரியும்.

மல்டிமீட்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒரு குறிப்பு. தகட்டைக் கழற்றிட்டு வூஃபர் முனையில வச்சா 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும். டுவீட்டர் முனையில வச்சா பெரும்பாலும் ஒண்ணுமே காட்டாது. டுவீட்டர் போச்சேன்னு அழ வேண்டாம். நடுவுல கெப்பாசிட்டர் இருக்கு, மீட்டரோட டி.சி. அதைத் தாண்டாது. நான் அரை மணி நேரம் அழுதிருக்கேன்.

அண்ணாச்சிகிட்ட கத்துக்கிட்ட இன்னொண்ணு, சீரிஸ் பல்பு. ரிப்பேர் பண்ணின ஆம்பை முதல் தடவை நேரா கரண்ட்ல போட மாட்டார். 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு நடுவுல இருக்கும். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரியும், ஆம்ப் தப்பிக்கும். சரியா இருந்தா ஒரு நொடி மின்னிட்டு மங்கிடும். மெயின்ஸ் வேலை என்பதால பழக்கம் இல்லாதவங்க பக்கத்துல நின்னு பார்த்தா போதும்.

சவுண்ட் சர்வீஸ்லயும் இந்தப் பிழை உண்டாம். நாலு முனை ஸ்பீக்கான் பிளக்ல ஒண்ணாம் ஜோடி பேஸுக்கு, ரெண்டாம் ஜோடி டாப்புக்குன்னு ஒரு வழக்கம். அவசரத்துல மாத்திக் கட்டினா பேஸ் முழுக்க ஹாரனுக்குள்ள போய் உள்ள இருக்கிற டயாஃப்ரம் காலி. அதனால ஒவ்வொரு கொடையிலயும் முதல்ல சத்தத்தைக் குறைச்சு வச்சு, ஒவ்வொரு பாக்ஸா காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் கூட்டுவாராம். முப்பது வருஷ அனுபவக்காரர் கேட்டுப் பார்த்துட்டுக் கூட்டுறார். நான் கேக்காமலே கூட்டினேன்.

கடைசியா ஐந்தொகை

ஒயர் விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன். தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்துட்டு தாமிரத்தைப் பத்திப் பேசாம விட்டா எப்படி? கடையில மலிவா கிடைக்கிற ஸ்பீக்கர் ஒயர் பலதும் அலுமினியக் கம்பிக்கு மேல தாமிரம் பூசினது. அலுமினியம் கடத்துறது தாமிரத்துல சுமார் அறுபது சதவீதம்தான். நுனியைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா அதுதான். அதுக்காக மீட்டருக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கவும் வேண்டாம். 1.5 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர் 5 மீட்டர் போட்டா போய்த் திரும்புற தடை சுமார் 0.11 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது கணக்குலயே வராது. எலக்ட்ரிக்கல் கடையில சிவப்பு கருப்புன்னு ரெண்டு நிறமா கேட்டு வாங்குங்க, போதும்.

என் செலவுக் கணக்கு: செகண்ட் ஹேண்ட் ஆம்ப் 4,500, அது இப்ப அண்ணாச்சி கடையில உதிரி பாகமா இருக்கு. அப்பா ஆம்புக்கு டிரான்சிஸ்டரும் கூலியும் 1,200. உண்மையான கோளாறை சரி பண்ண ஆன செலவு: பூஜ்ஜியம். ரெண்டு ஒயரை இடம் மாத்தினதுக்கு யார் காசு கேப்பா? இதுல என்னை உறுத்துறது காசு இல்லை. கோளாறு எங்கன்னு தேடாம தீர்வைக் காசு கொடுத்து வாங்கப் போனேன் பாருங்க, அதுதான். விக்கிறவங்க விக்கத்தான் செய்வாங்க, அது அவங்க தொழில். ஒரு கேள்வி கூடுதலா கேட்டிருக்க வேண்டியது நான்.

ஆம்ப் வந்த அன்னைக்கு சாயங்காலம் மாட்டினேன். ஒரே ஆம்ப். நாலு தகடும் இடத்துல. சிவப்பு சிவப்புல, கருப்பு கருப்புல. சத்தத்தைக் குறைச்சு வச்சு, ஒவ்வொரு பாக்ஸா காது கொடுத்துக் கேட்டேன். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா வந்து உக்காந்தார். பாட்டு ஆரம்பிச்சுது. பேஸ் தரையில நடந்து வந்துச்சு, பாடகர் ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல, டி.விக்கு மேல எங்கயோ நின்னு பாடினார். ரெண்டு பாட்டு முடியுற வரைக்கும் அப்பா ஒண்ணும் சொல்லலை. அப்புறம் சொன்னார்:

"வாங்குன புதுசுல இப்படித்தாம்லே கேட்டுச்சு."

2019ல ஒயரை மாத்தி மாட்டினது யாருன்னு நான் இன்னும் சொல்லலை. :-)

பி.கு: இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை. வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பாட்டு போடுங்க. சுவிட்சை அணைச்சிட்டு, ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் ஒயரை மாத்தி மாட்டி மறுபடி போட்டுப் பாருங்க. எப்படி மாட்டினா பேஸ் கூடுதலா வருதோ அதுதான் சரி. அஞ்சு நிமிஷ வேலை. பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.